எதிர்க்கட்சி எம்.பி. பேசி என்ன ஆகப்போகிறது?

எண்ணிக்கை பலம் இல்லாத எதிர்க்கட்சி எம்.பி. நாடாளுமன்ற விவாதத்தில் பேசி என்ன பயன்? அவர் வேலை, அரசிடம் காரணம் கேட்பது. அமைச்சரவை மக்களவைக்குப் பொறுப்பானது என்கிறது அரசியலமைப்பின் 75-வது பிரிவு. கேட்க ஆள் இருந்தால்தானே பதில் வரும்?

வீடு கட்டும்போது, 'இருபது மூட்டை சிமென்ட் எங்கே போச்சு?' என்று மேஸ்திரியை மடக்கும் அத்தை மாதிரி. பணம் அத்தை கையில் இல்லை. ஆனாலும் மேஸ்திரி அடுத்த முறை ரசீதோடு வருவார்.

சில சமயம் கேள்வியோடு நிற்காது. தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத எம்.பி. கொண்டுவரும் மசோதா) 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையைத் தாண்டவில்லைதான், ஆனால் 2019இல் திருநர் உரிமைகளுக்காக அரசே ஒரு சட்டம் கொண்டுவந்தது.

அப்புறம், எதிர்க்கட்சி எல்லாவற்றையும் எதிர்க்கும் என்பது தவறு: 2023இல் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2.