கடைசிப் படி மட்டும் ஏன் உயரம்?

கேள்வி: தரைக்கும் மாடித் தளத்துக்கும் சரியாகப் பத்தடி. 13 படி போதும், இடம் மிச்சமாகும் என்கிறார் மேஸ்திரி. சரியா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: சரியில்லை. ஒரு படி 9 அங்குலத்தைத் தாண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன்படி வீட்டுப் படியின் உயரம் 190 மி.மீ.க்கு, அதாவது ஏழரை அங்குலத்துக்கு, மேல் போகக் கூடாது. மிதி, அதாவது கால் வைக்கும் அகலம், 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 17 படி போட்டால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 அங்குலம். ஒற்றைப்படைதான் வேண்டும் என்பாரானால், 17-உம் ஒற்றைப்படைதான்.

கேள்வி: பழைய இரும்புச் சுருள் படி மலிவாகக் கிடைத்தது. கொண்டுவந்து நிறுத்தினால் அரையடி குட்டை. (அரூர்)

பதில்: அதை விற்றுவிட்டு ஒரு டேப் வாங்குங்கள்.

கேள்வி: குடிபோய் ஒரு மாதம். கீழ்ப்படியிலும் மேல்படியிலும் எல்லோரும் இடறுகிறோம். 'பழகிடும்' என்கிறார் கொத்தனார். (பர்கூர்)

பதில்: பழகாது. முதல் இரண்டு படியிலேயே கால் உயரத்தைக் கணக்குப் போட்டுவிடும், அப்புறம் கண் கீழே பார்ப்பதில்லை. சென்ட்ரிங் போடும்போது வெறும் கான்கிரீட்டுக்குத்தான் சமமாகப் பிரிக்கிறார்கள். பிறகு தரையில் கலவையும் டைல்ஸுமாக இரண்டரை அங்குலம் ஏறுகிறது, படியில் கிரானைட்டோடு ஒன்றேகால்தான். விளைவு: கீழ்ப்படி ஒன்றேகால் அங்குலம் குட்டை, மேல்படி அதே அளவு உயரம். எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன்! கம்பி கட்டும் முன்பே, டைல்ஸ் போட்டு முடித்தபின் வரப்போகும் தரைமட்டத்தைச் சுவரில் குறித்து, அங்கிருந்து பிரிக்க வேண்டும். பென்சில் கோடு ஒன்றுதான் செலவு. இப்போது உங்களுக்கு ஒரே வழி, கல்லைப் பெயர்த்து, லேண்டிங் உட்பட எல்லாப் படிக்கும் அந்த வித்தியாசத்தைக் கலவையில் கூட்டிப் பதிப்பது. கூலியைக் கொத்தனாரிடமே கேளுங்கள், தப்பு அவருடையது.

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் பாலிஷ் போட்ட கறுப்புக் கல் துண்டுகள் மலிவு. படிக்குப் போடலாமா?

பதில்: நான் போட்டேன். ஈரக்காலோடு நாலு படி உட்கார்ந்தபடியே இறங்கினேன். பிறகு விளிம்பில் கோடு வெட்டக் கொடுத்த கூலி, மிச்சம் பிடித்ததை விழுங்கிவிட்டது. சொரசொரப்பான கல் வாங்குங்கள்.

கேள்வி: பில்லில் 304 ஸ்டீல் கைப்பிடி என்று இருக்கிறது. ஆறே மாதத்தில் துரு. கடைக்காரர் காந்தத்தை வைத்து, 'ஒட்டலையே, அசல்தான்' என்கிறார். (ஊத்தங்கரை)

பதில்: 304 என்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம். மலிவான 202 ரகத்திலும் காந்தம் சரியாக ஒட்டாது. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. ரகத்தைக் கண்டுபிடிக்கும் சோதனைத் திரவம் வைத்திருக்கும் வேறொரு பட்டறையில் பாருங்கள். பில் வாங்கினீர்களே, பாராட்டுகள். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. துருவைத் தேய்த்துவிடாமல் முதலில் படம் எடுத்து வையுங்கள்.