முகமூடிக்குள் அக்காவும் தம்பியும்: 'தி நைஃப்' கேள்வி பதில்

ஸ்வீடன் எலக்ட்ரோபாப் குழுக்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டதற்குப் போன தடவை 'தி நைஃப்' என்று ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டேன். விடுவார்களா? இந்தத் தடவை வந்த கேள்விகள் எல்லாமே அவர்களைப் பற்றித்தான்.

அண்ணா, இந்தக் குழுவில் மொத்தம் எத்தனை பேர்?

இரண்டே பேர். அக்கா கரின் டிரெய்யர், தம்பி ஓலோஃப் டிரெய்யர். கோதன்பர்க்காரர்கள். 1999இல் சேர்ந்து இசைக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு கரின் 'ஹனி இஸ் கூல்' என்ற கிட்டார் குழுவில் பாடிக்கொண்டிருந்தார். பெரிய கம்பெனி எதையும் நம்பாமல் 'ரேபிட் ரெக்கார்ட்ஸ்' என்று சொந்த இசை நிறுவனம் வைத்துக்கொண்டார்கள். 2001இல் வந்த முதல் ஆல்பம் கொஞ்சம் தடுமாற்றம்தான். நேராக 2003இன் 'டீப் கட்ஸ்'க்குப் போய்விடுங்கள்.

'ஹார்ட்பீட்ஸ்' ஹோசே கொன்சாலஸ் பாட்டு இல்லையா சார்? கிட்டாரில் மெதுவாகப் பாடுவாரே!

பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். மூலப்பாட்டு இவர்களுடையது. பளபளக்கும் சிந்தசைசரும் துள்ளும் தாளமுமாக இருக்கும். அதே கோதன்பர்க்கைச் சேர்ந்த கொன்சாலஸ் எல்லாவற்றையும் உருவிவிட்டு, கிட்டாரும் குரலுமாக மட்டும் பாடினார். 2005இல் சோனி பிராவியா டிவி விளம்பரம் வந்தது. சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருவில் 2,50,000 வண்ணப் பந்துகள் குதித்து இறங்கும். நடுவில் மழைநீர்க் குழாயிலிருந்து ஒரு தவளை எட்டிக் குதிக்கும். பின்னணியில் கொன்சாலஸ் பாடிய இந்தப் பாட்டு.

விளம்பர வியாபாரமே பிடிக்காதவர்கள் இதற்கு எப்படிச் சம்மதித்தார்கள் என்று கேட்பீர்கள். சொந்த நிறுவனத்தை நடத்தப் பணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒரு பாட்டை விற்று மீதி எல்லாவற்றிலும் தங்கள் இஷ்டப்படி இருந்தார்கள். எனக்கு அது நல்ல பேரமாகத்தான் படுகிறது.

விருது வாங்க கொரில்லா வந்ததாமே, நிஜமா?

நிஜம். 'டீப் கட்ஸ்'க்காக ஸ்வீடனின் 'கிராமிஸ்' விருது கிடைத்தது. இவர்கள் போகவில்லை. கொரில்லா உடுப்பு மாட்டிய இருவரை அனுப்பினார்கள். உடுப்பில் 50 என்ற எண் எழுதியிருந்தது. இசைத்துறை முழுக்க ஆண்கள் ராஜ்ஜியம், பாதி இடம் பெண்களுக்கு வேண்டும் என்பதுதான் சேதி. 2007இல் ஆறு 'கிராமிஸ்' அள்ளினார்கள். அப்போதும் மேடையில் ஆள் இல்லை!

'சைலண்ட் ஷவுட்'டில் பாடுகிற ஆண் யார்?

பெரும்பாலும் அந்த 'ஆணும்' கரின்தான். குரலின் சுருதியைக் கருவியில் இறக்கி, ஆணா பெண்ணா கிழவரா என்று தெரியாதபடி ஆக்கிவிடுவார். பல இடங்களில் ஏற்றிய குரலும் இறக்கிய குரலும் ஒன்றாகவே ஓடும். அறையை இருட்டாக்கி ஹெட்போனில் கேளுங்கள், உங்களுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். 2006இன் சிறந்த ஆல்பம் இதுதான் என்று 'பிட்ச்ஃபோர்க்' இசை இணைய இதழ் சொன்னது. என்னைக் கேட்டால் அந்தப் பத்தாண்டுக்கே இதுதான். படங்களிலும் மேடையிலும் முகமூடி போட்டுக்கொண்டார்களே, அதுவும் இதே விளையாட்டின் தொடர்ச்சிதான். முகம் போய்விட்டால் கேட்பவருக்குப் பாட்டு மட்டும்தானே மிஞ்சும்?

அவர்கள் முகத்தைப் பார்க்கவே முடியாதா?

'பாஸ் திஸ் ஆன்' வீடியோ பாருங்கள். இயக்கியவர் ஜோஹன் ரெங்க், பின்னாளில் 'செர்னோபில்' தொடரை எடுத்தவர். சிறிய ஹால். பெண் வேடமிட்ட ரிக்கார்ட் எங்ஃபோர்ஸ் கரினின் குரலுக்கு வாயசைக்கிறார். உட்கார்ந்திருப்பவர்கள் கல் மாதிரி முறைக்கிறார்கள், அடிதடி வருமோ என்று நமக்கே பயம். அப்போது ஒரு பையன் எழுந்து போய் ஆடத் தொடங்குவான். அதுதான் ஓலோஃப்.

ஆபரா எழுதினார்களாமே, கேட்கலாமா?

2010இல் ஆல்பமாக வந்தது. டார்வினைப் பற்றி, டென்மார்க்கின் 'ஹோட்டல் ப்ரோ ஃபார்மா' நாடகக் குழுவுக்காக, வேறு இரு கலைஞர்களோடு சேர்ந்து செய்தது. முழுசாக ஒரு தடவை கேட்டேன். போதும். 'கலரிங் ஆஃப் பிஜன்ஸ்' மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

கடைசிச் சுற்றுப்பயணத்தில் ஏமாற்றிவிட்டார்கள் என்று படித்தேன். ஏன் பிரிந்தார்கள்?

2013இல் 'ஷேக்கிங் தி ஹேபிச்சுவல்' வந்தது. அதில் ஒரு பாட்டு மட்டும் 19 நிமிடம்! மேடையில் ஒரு கூட்டமே ஆடியது. யார் கரின், யார் ஓலோஃப், யார் நிஜமாகப் பாடுகிறார் எதுவும் புரியவில்லை. காசு கொடுத்தவர்கள் கொதித்தார்கள். கோபம் நியாயம்தான், ஆனால் இவர்கள் என்றைக்கு முகம் காட்டினார்கள்? மற்றபடி சண்டை சச்சரவு என்று எதுவும் கேள்விப்படவில்லை. பயணம் முடிந்தால் குழுவும் முடிந்தது என்று 2014 ஆகஸ்டில் சொன்னார்கள். நவம்பரில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் கடைசி நிகழ்ச்சி.

'வைகிங்ஸ்' தொடரின் டைட்டில் பாட்டுக் குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே?

சரியாகப் பிடித்தீர்கள், கரின்தான். 'ஃபீவர் ரே' என்ற பெயரில் 2009இல் வந்த தனி ஆல்பத்தில் பாடியது. அதே பெயரில் 2023இல் 'ராடிக்கல் ரொமான்டிக்ஸ்' வந்தது. அதில் சில பாட்டுகளைத் தம்பியோடு உட்கார்ந்து செய்திருக்கிறார். முதலில் அவற்றைக் கேளுங்கள்.