டேங்கில் ஊற்றும் மருந்து வால்வைத் தொடாது: வாகனம் கேள்வி-பதில்

அண்ணாச்சி, என்னுடையது 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல், மூணு சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். 62,000 கி.மீ. ஓடியிருக்கு. வீட்டிலிருந்து பக்கத்து வண்ணார்பேட்டை ஆபீஸ், திரும்ப வீடு, அவ்வளவுதான் ஓட்டம். கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஒரு நிமிஷம் உதறுது, செக் இன்ஜின் விளக்கும் எரியுது. சூடானதும் சரியாயிடுது. ஸ்கேனரில் பி0302 என்று பிழைக் குறியீடு. வால்வில் கார்பன் படிஞ்சிருக்கு என்று சொல்லி டேங்கில் ஊற்ற பாட்டில் கொடுத்தார்கள். ரெண்டு பாட்டில் ஊற்றியும் ஒண்ணும் நடக்கலை. (வாசகர், பாளையங்கோட்டை)

நடக்காது. பழைய எம்பிஎஃப்ஐ இன்ஜினில் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயில் இருக்கும். 3, 4 பார் அழுத்தத்தில் பெட்ரோலை இன்டேக் வால்வின் முதுகில் பீய்ச்சும். அந்தப் பெட்ரோலும் அதில் கலந்த டிடர்ஜென்ட்டும் வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கும். உங்கள் இன்ஜினில் இன்ஜெக்டர் நேரே சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. 200 பாருக்கு மேலும் போகும் அழுத்தத்தில் அங்கேயே தெளிக்கிறது. வால்வின் முதுகுக்குப் பெட்ரோல் வாசனையே கிடையாது. டேங்கில் எதை ஊற்றினாலும் இன்ஜெக்டர் முனைக்கும் பிஸ்டன் தலைக்கும்தான் போய்ச் சேரும்.

வால்வுக்கு வருவது வேறு. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயு, ஆயில் ஆவியையும் சேர்த்துக்கொண்டு பிசிவி என்ற வாயுப்போக்கி வால்வு வழியாக இன்டேக்குக்குத் திரும்புகிறது. வால்வு தண்டு சீல் தேய்ந்திருந்தால் அதிலும் ஆயில் இறங்கும். சூடான வால்வில் இது பட்டுப் பட்டு, கழுவாத வாணலியின் அடிப்பிசுக்கு மாதிரி இறுகிவிடும். உங்கள் ஓட்டமும் ஒத்தாசை செய்கிறது. சின்னத் தூரத்தில் ஆயில் முழுச்சூடு ஏறாது. அதில் கலக்கும் பெட்ரோலும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் ஆவியாக இன்டேக்குக்கே போகும்.

ஆனால் பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியவில்லை) என்று மட்டும்தான் அர்த்தம். கார்பன் என்று அது சொல்லவில்லை. முதலில் இரண்டாம் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலை மூன்றாவதில் மாட்டி, ஸ்கேனரில் குறியீட்டை அழித்துவிட்டு மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யுங்கள். பி0303 என்று மாறி வந்தால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் பிளக்கை அதேபோல மாற்றிப் பாருங்கள். பிறகு சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். இவை எல்லாம் சரி என்றால்தான் கார்பன் பேச்சு. அதையும் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். காற்றளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி வழியாகவோ, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் மேனிஃபோல்டைக் கழற்றியோ சின்ன கேமராவை விட்டு வால்வைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மெல்லிய கறுப்புப் படலம் எல்லா டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியிலும் இருக்கும், விட்டுவிடலாம். தண்டைச் சுற்றி மேடுமேடாகக் கட்டி நின்றால் காற்று போகும் பாதையே கெட்டிருக்கிறது. சுத்தம் செய்ய வேண்டியதுதான்.

அதற்கு நம்பகமான வழி வால்நட் ஓட்டுத் தூளைக் கம்ப்ரஸர் காற்றில் அடிப்பது. ஓடு உலோகத்தைவிட மென்மை. கார்பனை உதிர்க்கும், வால்வைக் கீறாது. மணலோ கண்ணாடி மணியோ கூடவே கூடாது. இன்ஜின் குளிர்ந்திருக்க, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இன்டேக் மேனிஃபோல்டை இறக்குவார்கள். சில 1.0 டர்போக்களில் டர்போ காற்றைத் தணிக்கும், தண்ணீரில் குளிரும் இன்டர்கூலர் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கும். அப்படியானால் கூலண்ட் இறக்கி, திரும்ப நிரப்பி, காற்று எடுக்கும் வேலையும் சேரும்.

அடிக்கும் சிலிண்டரின் இரண்டு இன்டேக் வால்வும் முழுக்க மூடியிருக்க வேண்டும். கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் திருப்பி, அந்த பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவருவார்கள். மற்ற துளைகளைத் துணியால் அடைத்து டேப் ஒட்ட வேண்டும். ஒருபக்கம் தூள் அடிக்க, மறுபக்கம் வேக்குவம் உறிஞ்ச, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக வேண்டும். பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான்: வால்வு கால்வாசி திறந்திருந்தால் ஓட்டுத் தூள் சிலிண்டருக்குள் விழும், சுவரில் கீறல். இன்னொன்று, அவசரத்தில் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுவது. வால்வு உட்காரும் இடம் கீறிவிட்டால் கம்ப்ரஷனே போய்விடும். அடித்து முடித்ததும் மிச்சத் தூளை உறிஞ்சி, கேமராவில் மறுபடி பார்த்த பிறகுதான் அடுத்த சிலிண்டர்.

பொருத்தும்போது பழைய மேனிஃபோல்ட் கேஸ்கட்டையே போட்டால் காற்று கசிந்து பழைய உதறலே திரும்பி வரும். "சுத்தம் பண்ணியும் சரியாகலை" என்று வருகிறவர்கள் இதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். த்ராட்டில் பாடியைத் துடைத்திருந்தால் ஸ்கேனரில் அடாப்டேஷன் (இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் புது நிலையைப் பழக்குவது) செய்யச் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை போய் வாருங்கள். ஏற்கெனவே கட்டிய கார்பன் அதனால் போகாது. ஆயிலில் சேர்ந்த பெட்ரோலும் ஈரமும் போகும், அடுத்த படிவு மெதுவாகும். ஆயிலைக் கம்பெனி சொன்ன கி.மீ. வரை இழுக்காமல் கொஞ்சம் முன்பே மாற்றுங்கள். கிரேடு மட்டும் கையேட்டில் உள்ளதுதான்.

இன்டேக்கில் அடிக்கும் ஸ்பிரே, ஹைட்ரஜன் வாயு விட்டு டீகார்பனைஸ் செய்வது, இதெல்லாம் பலன் தருமா? (வாசகர், தென்காசி)

ஸ்பிரே புதுப் படிவைக் கொஞ்சம் கரைக்கும், கல்லாக இறுகியதை அசைக்காது. அடிப்பதானால் இன்ஜின் சூடாக, 2,000 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு, காற்றளவு சென்சாருக்கு அப்பால், விட்டுவிட்டு. ஒரே மூச்சில் காலி செய்தால் திரவம் சிலிண்டரில் தேங்கி கனெக்டிங் ராடு வளையக்கூடும். பெரிய கட்டியாக இருக்கும் டர்போ வண்டியில் ஸ்பிரேயே வேண்டாம். பெயர்ந்த துண்டு எக்ஸாஸ்ட் வழியாக டர்போ விசிறியில்தான் போய் மோதும். ஹைட்ரஜன் எரிவது சிலிண்டருக்குள். வால்வின் முதுகில் நெருப்பே இல்லை, அங்கே அது என்ன செய்யும்? எங்கள் கணக்கில் காசுக்குக் கேடு.

பிசிவி குழாயில் ஆயில் ஆவியைப் பிடிக்கும் டப்பா, கேட்ச் கேன், மாட்டலாமா? (வாசகர், வள்ளியூர்)

ஆயில் ஆவியைக் குறைக்கும், நிறுத்தாது. டர்போ இன்ஜினில் பிசிவிக்கு இரண்டு பாதை: ஐடிலிங்கில் மேனிஃபோல்டுக்கு, பூஸ்ட்டில் (டர்போ அழுத்தம் கொடுக்கும்போது) டர்போவின் வாய்க்கு. ஒன்றில் மட்டும் மாட்டினால் பாதிதான் பிடிபடும். உள்ளே தடுப்பு வலை இல்லாத வெறும் டப்பா வீண். வெளிக்காற்றில் திறந்துவிடவும் கூடாது. வாரண்டி இருக்கும் வண்டியில் தொடாதீர்கள்.

என் வண்டி டீசல் காமன் ரெயில், பிஎஸ்6. எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கை இன்டேக்குக்குத் திருப்பும் இஜிஆரை அடைத்துவிட்டால் கார்பன் வராது என்கிறார் மெக்கானிக். (வாசகர், அம்பாசமுத்திரம்)

டீசலும் நேரடி இன்ஜெக்‌ஷன்தான். இஜிஆர் கொண்டுவரும் கரியும் பிசிவி ஆயிலும் சேர்ந்து மேனிஃபோல்டில் தார் மாதிரி பிடிக்கும். அதற்காக அடைக்காதீர்கள். புகை விதிக்கு அது விரோதம். இன்ஜின் கம்ப்யூட்டரும் விளக்கைப் போட்டு பிக்கப்பைக் குறைத்துவிடும். இஜிஆர் வால்வைக் கழற்றி, மோட்டார் பகுதி நனையாமல் கிளீனரில் ஊறவைத்துத் துடைத்து, புது கேஸ்கட்டுடன் மாட்டி, ஸ்கேனரில் அடாப்டேஷன் செய்தால் போதும். டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) விளக்கு எரிந்தால் தென்காசி ரோட்டில் நிற்காமல் 20 நிமிஷம், மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்டுங்கள். நடுவில் இன்ஜினை அணைக்காதீர்கள்.

டர்போ என்றாலே டைரக்ட் இன்ஜெக்‌ஷனா? (வாசகர், மேலப்பாளையம்)

இல்லை. நெக்ஸான் 1.2 டர்போ எம்பிஎஃப்ஐ. ஃபிராங்ஸ் 1.0 பூஸ்டர்ஜெட், வென்யூ 1.0 டர்போ, டைகுன், குஷாக், எக்ஸ்யூவி700 பெட்ரோல் எல்லாம் டைரக்ட். அதே ஃபிராங்ஸில் 1.2 லிட்டர் எடுத்திருந்தால் வால்வைப் பெட்ரோலே கழுவிக்கொள்ளும். வண்டியின் பேப்பரில் ஜிடிஐ, டிஎஸ்ஐ, டிஜிடிஐ என்று இருந்தால் டைரக்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.