ஆற்றல் வரலாற்றையும் உடல்நலத்தையும் சேர்த்து ஆராய்வதில் அப்படி என்ன இருக்கிறது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்தத் தலைப்பில் ஆய்வுப் பணியிடங்கள் வருவதைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். "நிலக்கரியை எரித்தால் புகை வரும், புகையால் நோய் வரும், அதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது?" என்பது உங்கள் சந்தேகம். எந்த ரகக் கரி யார் வீட்டுக்குப் போனது, சாவை யார் எப்படிக் கணக்கெடுத்தார்கள் என்று கேட்க ஆரம்பித்தால் நிறையவே இருக்கிறது. ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்கிறேன்: 1952 டிசம்பர், லண்டன்.

டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. நல்ல குளிர், காற்றே இல்லை. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடியாக உட்கார்ந்துகொண்டதால், கீழே கிளம்பிய புகை மேலே போக வழியில்லை. செவ்வாய்க்கிழமை வரை அதே நிலைமை. பேருந்துகளுக்கு முன்னால் நடத்துநர் தீப்பந்தத்தோடு நடந்து வழிகாட்டினார். சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்குக்குள் புகை புகுந்து மேடை தெரியாமல் போக, நடந்துகொண்டிருந்த ஆப்பராவைப் பாதியில் நிறுத்தினார்கள். எர்ல்ஸ் கோர்ட்டில் நடந்த கால்நடைக் கண்காட்சியில் மாடுகள் மூச்சுத்திணறிச் செத்தன. தங்கள் மாட்டையாவது காப்பாற்றலாம் என்று சிலர் சாக்கை விஸ்கியில் நனைத்து அதன் மூக்கில் கட்டிவிட்டதாகச் செய்தி உண்டு.

இதைக் கேட்டதும் எல்லாருக்கும் தொழிற்சாலைப் புகைபோக்கிதான் நினைவுக்கு வருகிறது. அதற்கும் மின்நிலையங்களுக்கும் பங்கு உண்டுதான், ஆனால் மூச்சை அடைத்த கரும்புகையில் பெரும்பங்கு வீட்டுக் கணப்பிலிருந்து வந்தது. திறந்த கணப்பில் கரி அரைகுறையாகத்தான் எரியும். சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாகும், தாரும் கரித்தூளும் கூரை உயரத்திலேயே வெளியேறும். லட்சக்கணக்கான வீடுகள் அப்படி. அந்த நாட்களில் தினமும் 1,000 டன் புகைத்துகள் காற்றில் கலந்ததாகவும், 370 டன் கந்தக டை ஆக்சைடு கந்தக அமிலமாக மாறியதாகவும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சரி, மக்கள் ஏன் அவ்வளவு மட்டமான கரியை எரித்தார்கள்? போர் முடிந்து ஏழு வருடம் ஆகியும் கரிக்கு ரேஷன் இருந்தது. போர்க்கடனில் இருந்த நாடு நல்ல கரியை ஏற்றுமதிக்கு ஒதுக்கியது. வீடுகளுக்கு மிஞ்சியது 'நட்டி ஸ்லாக்': தூளும் சிறு கட்டிகளும் கலந்த, புகை கக்கும் மலிவான கரி. அந்தக் குளிர்காலத்தில்தான் அதை மட்டும் ரேஷனிலிருந்து விடுவித்து, வேண்டிய அளவு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். சாவு எங்கே அதிகம் என்று பார்த்தால், ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த கிழக்கு லண்டனில் இறப்பு விகிதம் ஒன்பது மடங்கானது. கரியின் விலையையும் ரேஷன் விதியையும் இறப்புப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம் அந்தச் சாவுக் கணக்கு. முதலில் சொன்னது சுமார் 4,000 பேர். ஆனால் புகை விலகிய பிறகும், 1953 தொடக்கம் வரை, சாவு வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. அதையெல்லாம் அரசாங்கம் இன்ஃப்ளூயன்சா கணக்கில் எழுதிவிட்டது. 2001-இல் மிஷெல் பெல், டெவ்ரா டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளைத் திரும்ப எடுத்து, மொத்தம் சுமார் 12,000 இருக்கும் என்றார்கள். டெவ்ரா டேவிஸ் வளர்ந்தது அமெரிக்காவின் டொனோராவில். 1948-இல் இதேபோன்ற புகைமூட்டத்தில் இருபது பேர் இறந்த ஆலை ஊர் அது.

தீர்வு ஒன்றும் சட்டென்று வந்துவிடவில்லை. ஹியூ பீவர் தலைமையில் குழு போட்டு, அதன் அறிக்கைக்குப் பிறகும் அரசு இழுத்தடித்து, ஜெரால்டு நபாரோ என்ற எம்.பி. தனிநபர் மசோதா கொண்டுவந்து நெருக்கித்தான் 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதில் எனக்குப் பிடித்த பகுதி மானியம்தான். புகையில்லா எரிபொருளுக்குக் கணப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கை அரசுப் பணத்திலிருந்து தந்தார்கள். வெறும் தடை மட்டும் போட்டிருந்தால் கிழக்கு லண்டன்காரர் குளிரில்தான் விறைத்திருப்பார்.

இருந்தும் சட்டம் எல்லா ஊரிலும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. 1962 டிசம்பரில் லண்டனிலேயே இன்னொரு புகைமூட்டம் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. சுரங்க ஊர்கள் ரொம்பவே பின்தங்கின. அங்கே தொழிலாளிக்குச் சம்பளத்தோடு சலுகைக் கரியும் வரும். வீட்டு வாசலில் வந்து கொட்டும் கரியை விட்டுவிட்டு யார் காசு கொடுத்து கோக் என்ற புகையில்லா எரிபொருளை வாங்குவார்கள்? பிறகு வடகடல் எரிவாயு கிடைத்து, 1967 முதல் பத்து வருடத்தில் நாடு முழுக்க அடுப்புகளை அதற்கு மாற்றினார்கள். கரிக்கணப்பை ஓரங்கட்டியதில் சட்டத்துக்கு எவ்வளவு பங்கு, மலிவான எரிவாயுவுக்கு எவ்வளவு பங்கு என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. என்னைக் கேட்டால் எரிவாயுவுக்குத்தான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

இதில் இறங்க நினைத்தால் லண்டன் போக வேண்டியதில்லை. லண்டன் வட்டாரங்களின் சுகாதார அதிகாரிகள் 1848 முதல் 1972 வரை எழுதிய ஆண்டறிக்கைகளை வெல்கம் கலெக்‌ஷன் என்ற லண்டன் நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கிழக்கு லண்டனில் ஒரு வட்டாரத்தையும் மேற்கில் ஒன்றையும் எடுத்து, 1952, 1953 அறிக்கைகளில் மூச்சுக்குழல் அழற்சி பற்றிய பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.