நலாக்சோன் கொடுத்தும் மீண்டும் மயங்கியது ஏன்?

ஓபியாய்டு எனும் அபின்வகைப் போதைப்பொருள் அளவு மீறி மயங்கிய அறைத்தோழருக்கு, அதன் விளைவை முறிக்கும் மருந்தான நலாக்சோனை மூக்குத் தெளிப்பானால் கொடுத்தும் அவர் மீண்டும் மயங்கியதால், தெளிப்பான் பழுதோ என்று கேட்டிருந்தீர்கள். அது பழுதானதல்ல. கண்விழித்துப் பேசிய அறைத்தோழர் முக்கால் மணி நேரத்தில் மறுபடி மயங்கியதற்குக் காரணம், பெரும்பாலும், நலாக்சோனின் செயல் 30 முதல் 90 நிமிடங்களில் தேய்ந்துவிட, உடலில் எஞ்சிய ஓபியாய்டு அதன்பின்னும் மூச்சை அமுக்கியதாகவே இருக்கும்.

இனி இப்படி நேர்ந்தால் தோளை உலுக்கி உரக்க அழையுங்கள். பதிலில்லாமல், மூச்சு மிக மெதுவாகவோ குறட்டைபோலவோ வந்தால், அல்லது உதடுகள் நீலம் பாய்ந்திருந்தால், உடனே 911-ஐ அழைத்துவிட்டு, புதிய தெளிப்பானை மற்ற நாசியில் செலுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் மாற்றமில்லையெனில் இன்னொன்று செலுத்தலாம். அதுவரை ஐந்து நொடிக்கு ஒருமுறை வாய்வழி மூச்சு கொடுப்பதுதான், என் கருத்தில், மருந்தைவிடவும் முக்கியம். தானாக மூச்சு விடத் தொடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மருத்துவ உதவி வரும்வரை உடனிருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: ஃபென்டனில் என்ற வீரியமிக்க ஓபியாய்டுடன் பென்சோடயசெபைன் என்ற தூக்க மருந்தோ சைலசீன் என்ற கால்நடை மயக்க மருந்தோ கலந்திருந்தால், மூச்சு திரும்பினாலும் அவர் விழிக்காமல் கிடக்கக்கூடும், அவற்றை நலாக்சோன் முறிக்காது. விழித்தவுடன், போதைப்பொருளின் விளைவு திடீரென நின்றதால் வரும் விலகல் வேதனையால் மீண்டும் போதைப்பொருளை நாடுவதும் உண்டு, அது இரட்டை ஆபத்து.

காவல்துறைக்கு அஞ்சி அழைக்கத் தயங்கியதாக எழுதியிருந்தீர்கள். கனடாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், உதவிக்கு அழைப்பவரையும் மயங்கியவரையும் போதைப்பொருளை வெறுமனே கைவசம் வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து காக்கிறது; விற்பனைக் குற்றத்துக்கு அது பொருந்தாது. தீர்ந்த தெளிப்பான்களுக்கு மாற்றை ஒன்ராறியோவின் பல மருந்தகங்களில் இலவசமாகவே பெறலாம்.