இறங்கிய அணியும் ஏறிய அணியும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

புளியந்தோப்பிலிருந்து எழுதுகிறேன். 2016இல் லெஸ்டர் சிட்டி, இங்கிலாந்தின் முதல் கால்பந்து லீக்கான பிரீமியர் லீக்கை வென்றபோது நான் கல்லூரியில் இருந்தேன். அன்றிலிருந்து எனக்கு அந்த அணிதான். இந்த சீசன் முழுக்க டேபிளைக் கீழிருந்து மேலாகத்தான் படித்தேன், கடைசி மூன்று அணிகள் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடுமே. கடைசி நாள், 2023 மே 28 அன்று, வெஸ்ட் ஹாமை 2–1 என்று வென்றோம். முதல் கோல் விழுந்ததிலிருந்து கொஞ்ச நேரம் தப்பித்த இடத்தில்கூட இருந்தோம். அந்தப் பக்கம் வேறு ஆட்டத்தில், எங்களைப் போலவே தப்பிக்கப் பார்த்த எவர்டன் ஒரு கோல் போட்டது, எல்லாம் முடிந்தது. போதாக்குறைக்கு அந்த ஆட்டத்தில் பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். மொட்டைமாடியில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவர்டன் அந்த ஒரு கோலைக் காப்பாற்றிவிட்டது. அழுதுவிட்டேன். என் மனைவி சிரித்தாள்.

நம்முடைய இந்தியன் சூப்பர் லீக்கில், ஐ.எஸ்.எல்.லில், இந்தக் கொடுமை இல்லை. எந்த அணியும் இறங்குவதில்லை, ரசிகன் மானத்தோடு இருக்கிறான். அதுதானே நாகரிகம்? இனி நான் லெஸ்டரைத் தொடர்வதா, வேறு அணிக்கு மாறுவதா? உங்கள் நாவல்களில் எதை முதலில் படிக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

2023 ஜூனில் வந்த கடிதம் இது. இப்போது ஆகஸ்ட் பாதி தாண்டிவிட்டது. இவ்வளவு நாள் பதில் போடாததற்குக் காரணம் சோம்பல். இன்று போடுவதற்குக் காரணம் நந்தகுமார்.

12ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டூராண்ட் கோப்பை ஆட்டம். மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் வென்று நாலரை வருடம் ஆகியிருந்தது. நம் வடசென்னைப் பையன் நந்தகுமார் சேகர், ஈஸ்ட் பெங்காலுக்காக, வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி இடக்காலால் வளைத்து ஒரு கோல் போட்டான். 1–0. அதோடு அந்த நாலரை வருடக் கணக்கு தீர்ந்தது. (‘போட்டார்’ என்று எழுதியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பையனுக்கு மரியாதை கொடுத்தால் அது அந்நியமாகப் படுகிறது.) அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதத்தில் இருந்த ‘மானம்’ என்ற சொல் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. போகவே மாட்டேன் என்கிறது.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். அழுததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் மனைவி சிரித்ததிலும் தப்பில்லை. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி இனி யாரிடமும் பேசாதீர்கள். 38 ஆட்டங்கள் ஆடி 34 புள்ளி எடுத்த அணி, வேறு ஊரில் வேறு இரண்டு அணிகள் ஆடிய பத்து நிமிடத்தைக் குறை சொல்வதற்கு நம் ஊரில் ஏற்கெனவே பழமொழி இருக்கிறது. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாவல் கேள்விக்கு, எது நூலகத்தில் கிடைக்கிறதோ அது.

இனி மானத்துக்கு வருவோம்.

நீங்கள் மொட்டைமாடியில் அழுததற்கு முந்தின நாள், மே 27 அன்று, லண்டன் வெம்ப்ளியில் இன்னொரு ஆட்டம் நடந்தது. பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் கண் கீழே இருந்த மூன்று இடங்களிலேயே இருந்திருக்கும். லூட்டன் டவுன், பெனால்டியில் கோவென்ட்ரியை வென்று பிரீமியர் லீக்குக்கு ஏறியது. 2008–09இல் முப்பது புள்ளிகளைத் தண்டனையாகப் பறிகொடுத்து, நான்கு டிவிஷன்களுக்கும் வெளியே, ஐந்தாம் படிக்குப் போய் விழுந்த அணி அது. அங்கே ஐந்து வருடம் கிடந்து, 2014இல்தான் மறுபடி உள்ளே வந்தது. அந்த ஐந்தாம் படியில் சேர்ந்து, கூடவே முதல் படி வரை ஏறிவந்த ஆட்டக்காரர் ஒருவர் அப்போதும் அணியில் இருந்தார். பெல்லி ரடாக் எம்பான்சு.

லூட்டனின் மைதானத்தைப் படத்திலாவது பாருங்கள். பத்தாயிரம் பேர் சொச்சம்தான் கொள்ளும். வெளியூர் ரசிகர்கள் உள்ளே போகிற வாசல், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே ஒரு வீட்டு வாசல்போல இருக்கிறது. உள்ளே நுழைந்து படியேறினால் கீழே வீடுகளின் கொல்லைப்புறம். எனக்கு அது இங்கிலாந்தாகவே தெரியவில்லை. வியாசர்பாடியில் ஏதோ ஒரு சந்து வழியாக மேட்ச் பார்க்கப் போகிற மாதிரி இருக்கிறது. இந்த 2023–24 சீசனில் உலகத்தின் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் அந்தச் சந்துக்குத்தான் வந்தாக வேண்டும். ஏன்? லெஸ்டர் இறங்கியது, லீட்ஸ் இறங்கியது, சவுத்தாம்ப்டன் இறங்கியது. மூன்று இடம் காலியானது. அதில் ஒன்றில்தான் லூட்டன் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கண்ணீரும் அவர்கள் கொண்டாட்டமும் ஒரே இடத்தைப் பற்றியவை.

உங்கள் அணியின் கதையாவது உங்களுக்குத் தெரியுமா என்று சந்தேகமாக இருக்கிறது. 2016இல் சேர்ந்தவர்களுக்கு எல்லாம் 2016இல்தான் தொடங்குகிறது. லெஸ்டர் 2008–09இல் மூன்றாம் டிவிஷனில் ஆடியது. அங்கே முதலிடம் பிடித்து ஏறி, அப்புறம் இன்னொரு படி ஏறி, 2014–15இல் சீசனின் பெரும்பகுதி கடைசி இடத்தில் கிடந்து, கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழை வென்று தப்பியது. அதற்கு அடுத்த வருடம்தான் நீங்கள் கல்லூரியில் துள்ளிக் குதித்த கோப்பை. அணியின் நட்சத்திரம் ஜேமி வார்டி, ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கீழ்நிலை அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். ஏறுகிற, இறங்குகிற படியே வேண்டாம் என்று யாராவது அந்த 2008–09இல் முடிவு செய்திருந்தால் லெஸ்டர் மூன்றாம் டிவிஷனிலேயே இருந்திருக்கும். நீங்கள் வேறு ஏதோ அணிக்கு ரசிகராகி, வேறு ஏதோ மாடியில் நின்றிருப்பீர்கள்.

ஐ.எஸ்.எல். நாகரிகமானது என்கிறீர்கள். போன 2022–23 சீசனில் நார்த் ஈஸ்ட் யுனைடெட் 20 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றை வென்றது, 5 புள்ளி. அடுத்த சீசனுக்கும் அதே லீக்கில் அதே நாற்காலி. அந்த ஆட்டக்காரர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பிப்ரவரி மாதத்தில் கடைசி இடத்துக்கு வந்துவிட்ட அணி எதற்காக ஓட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் அந்த சீசன் முழுக்க லெஸ்டருக்காகப் பட்ட பாடு, அந்த லீக்கில் எந்த ரசிகனுக்கும் கிடையாது. பயமில்லாத இடத்தில் அழுகை எங்கிருந்து வரும்?

அதைவிடப் பெரிய விஷயம் மறுபக்கம் இருக்கிறது. 2018–19இல் ஐ-லீக்கை வென்றது யார்? சென்னை சிட்டி. தமிழ்நாட்டு அணி. நந்தகுமாரும் சில காலம் ஆடிய அணி. நாட்டின் பழைய பெரிய லீக்கில் ஈஸ்ட் பெங்காலைப் பின்னால் தள்ளி முதலிடம். பரிசு என்ன? கோப்பை. மேலே, ஐ.எஸ்.எல்.லுக்குப் போக வாசல் இல்லை. மேலே இருந்தவர்கள் காசு கட்டி நாற்காலி வாங்கியவர்கள், எவரும் எழுந்திருக்கப் போவதில்லை. இரண்டே சீசன் கழித்து, 2021–22இல், ஐ-லீக் பட்டியலிலேயே அந்தப் பெயர் இல்லை. ஐ-லீக்கை வென்றதற்காக ஓர் அணி, பஞ்சாப், மேலே எடுத்துக்கொள்ளப்பட்டது இந்த 2023இல்தான் முதல்முறை. நல்லது. ஆனால் அதற்காக எவரும் இறங்கவில்லை, ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டார்கள். எத்தனை நாற்காலிதான் போட முடியும்? நந்தகுமார் மேலே போனான், ஒற்றை ஆளாக, தன் காலை நம்பி. அவன் ஆடி வளர்ந்த மாதிரியான ஒரு பேட்டை அணி முழுசாக ஏற வேண்டுமென்றால் வழி எங்கே இருக்கிறது? இதைத்தான் நீங்கள் மானம் என்கிறீர்கள். வியாசர்பாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறீர்கள். எனக்குக் கோபம் வருமா வராதா?

கோபத்தில் எழுதிவிட்டேன். சரி, நானும் யோக்கியன் இல்லை. இறங்குவது என்ன என்று எனக்கு 1993லேயே தெரியும்.

பேசின் பிரிட்ஜ் பக்கம் எங்கள் அணி. பெயர் வேண்டாம். மெட்ராஸ் லீக்கின் கீழ் டிவிஷன் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தோம். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய பூட்ஸ், கடைகடையாய் வசூல் பண்ணிய நுழைவுக் கட்டணம். மேட்ச் எல்லாம் வேலை நாள் மதியத்தில் வரும். கூலி வேலைக்குப் போகிறவனுக்கு ஒவ்வொரு மேட்சும் அரை நாள் சம்பளம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, ரைட் அவுட். எங்களில் மூத்தவர் பேக் ஆடிய அண்ணன். இருபத்தாறு வயது. சென்ட்ரலில் பார்சல் ஏற்றி இறக்குகிற வேலை. தலைக்கு வருகிற பந்து எதுவும் அவரைத் தாண்டிப் போகாது.

இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் ஃபுட்பால் என்றால் விளையாட்டு மட்டுமில்லை, வேலை. ஐ.சி.எஃப்., ரயில்வே, இந்தியன் பேங்க், கஸ்டம்ஸ், ஏ.ஜி. ஆபீஸ் எல்லாம் அணி வைத்திருந்தன. மேல் டிவிஷனில் ஆடினால் அவர்கள் கண்ணில் படலாம். கண்ணில் பட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டா. கோட்டா என்றால் மாதச் சம்பளம், பென்ஷன், பெண் கொடுக்க நாலு வீடு. அண்ணனை ஓர் ஆபீஸ் அணிக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். “அடுத்த வருஷம் ஏறி வா, பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அண்ணன் ஒரு வருடம் பீடியை விட்டார்.

அந்த வருடம் நாங்கள் ஏறவில்லை. ஏறுவது இருக்கட்டும், இருந்த இடத்தைக் காப்பாற்றவே தள்ளாடினோம். முதல் நான்கு ஆட்டத்தில் மூன்று தோல்வி. ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தோம். கோல்கீப்பர் டைபாய்டில் படுத்தான். கடைசி மேட்சில் டிரா போதும் என்ற நிலை. எதிர் அணிக்கு ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், சும்மா ஆட வந்தவர்கள். 0–0. விசில் ஊதப் போகிற நேரம். அவர்களுடைய லெஃப்ட் பேக் பந்தோடு என்னைத் தாண்டிப் போனான். நான் பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மூச்சு வாங்கியது என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். உண்மை என்னவென்றால், அண்ணன் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று நின்றுவிட்டேன். அண்ணன் ஒருத்தர், வந்தவர்கள் இரண்டு பேர்.

இறங்கினோம். மைதானத்தில் அண்ணன் யாரையும் திட்டவில்லை. பூட்ஸைக் கழற்றி லேஸை இரண்டையும் சேர்த்து முடிந்து தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே போனார். அந்த ஆபீஸ்காரர் மறுபடி வரவில்லை. இறங்கின டீமுக்கு யார் வருவார்? அண்ணனும் அதற்கப்புறம் லீக் ஆடவில்லை. எங்கள் இடத்துக்குக் கீழிருந்து வந்த அணியின் மேட்ச் எதையும் நான் பார்க்கப் போகவில்லை. அந்த அணிப் பையன்களைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீங்கள் எவர்டன்காரர்களைப் பற்றிக் கடிதத்தில் எழுதி, நான் இங்கே வெட்டிவிட்ட இரண்டு வரிகளைவிட மோசமாகப் பேசியிருக்கிறேன்.

மூன்று வருடம் முன்னால் அண்ணனைப் பார்த்தேன். பார்சல் வேலையிலிருந்து நின்று, வீட்டு வாசலில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை போட்டிருக்கிறார். அண்ணி பர்மாவிலிருந்து வந்த குடும்பம். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல், அந்த லெஃப்ட் பேக் சமாச்சாரத்தைச் சொன்னேன். நான் ஓடவில்லை அண்ணே, நின்னுட்டேன் என்றேன். அவர் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டார். கத்தியை நிறுத்தவே இல்லை.

“தெரியும்டா. பின்னால திரும்பிப் பாத்தேன், நீ இடுப்புல கை வெச்சுக்கினு நின்ன.”

எனக்குத் தொண்டையில் அடைத்தது.

“அத்த வுடு. நம்ம எடத்துக்கு ஏறி வந்தானுங்களே, அந்த டீமுல சென்டர் பார்வர்டு யாருன்னு தெரியுமா?”

தெரியாது என்றேன். பார்க்கவே போகாதவனுக்கு எப்படித் தெரியும்?

“உங்க அண்ணியோட தம்பிடா. அடுத்த வருஷம் நம்ம டிவிஷன்ல ஆடுனான், ரயில்வேகாரன் பாத்து இட்டுக்கினு போய்ட்டான். என் பொண்ணு காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரு வந்துது பாரு, தட்டுத் தட்டா, தெருவே நின்னு பாத்துது. அது எந்தக் காசுன்ற?”

அப்புறம் முட்டை ஒன்றை உடைத்துப் போட்டு, ஆறுது, துன்னு என்றார்.

லெஸ்டரை விடாதீர்கள். கீழ் டிவிஷனில் முதல் ஆட்டங்களை வென்றுகொண்டிருக்கிறது, உங்களுக்கே தெரிந்திருக்கும். நடுவில் ஒரு நாள் லூட்டன் சொந்த மைதானத்தில் ஆடும்போது அதையும் போட்டுப் பாருங்கள். உங்கள் மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், அந்தச் சந்து வாசலைக் காட்டுவார்கள்.