ஐஸ் ஹவுஸ் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்னைக் கடற்கரைக் கட்டுரையில் விவேகானந்தர் இல்லத்தைப் 'பழைய ஐஸ் கிடங்கு' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றுவந்த எனக்கு அது உறுத்தியது. அமெரிக்காவிலிருந்து பனிக்கட்டி கரையாமல் கப்பலில் வந்தது என்பதும் நம்பும்படியாக இல்லை.

வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு

அன்புள்ள நண்பருக்கு,

கரையாமல் வரவில்லை, கரைந்ததுபோக எஞ்சியதுதான் வந்தது. பாஸ்டன் வணிகர் பிரெடெரிக் டூடர் 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பிய 180 டன்னில், நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின்னும் ஏறத்தாழ 100 டன் மிஞ்சியது. உறைந்த குளங்களில் குதிரை பூட்டிய கருவியால் ஒரே அளவாக அறுத்த பாளங்களை இடைவெளியின்றி அடுக்கி, மரத்தூளால் பொதிந்து அனுப்பினார்கள். குளத்து நீரையும் மர ஆலைக் கழிவையும் காசாக்கிய மனிதர் அவர்.

சென்னைக் கிடங்கு 1842இல் எழுந்தது. துறைமுகமே இல்லாத அந்நாளில் கப்பல்கள் கடலில் நங்கூரமிட, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சரக்கைக் கரைசேர்த்தன; கிடங்கு கரையோரமாகவே அமைந்ததன் காரணம் அதுதான். பிற்பாடு துறைமுகம் வந்து, அதன் தெற்கே மணல் சேரச்சேரக் கடல் விலகிப்போயிற்று.

இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அவ்வணிகம் நொடித்தது. கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் சன்னல்கள் வைத்து அதை வீடாக்கி, நீதிபதி கெர்னனின் பெயரால் 'காசில் கெர்னன்' (கெர்னன் கோட்டை) என்றழைத்தார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியது ஒன்பது நாட்கள். தொடர்ந்து வந்த அவருடைய சகத்துறவி ராமகிருஷ்ணானந்தர், 1906இல் வீடு ஏலம் போகும்வரை அங்கே ராமகிருஷ்ண மடத்தை நடத்தினார். இன்றைய பெயர் 1963இல் சூட்டப்பட்டது. அப்பெயரில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அக்கட்டடத்தின் கனமான அத்தியாயம் வேறொன்று என்பேன். தலைமழித்து, நார்மடி உடுத்தி, பின்கட்டிலேயே ஆயுளைக் கழித்த கைம்பெண் பாட்டிமார்களைப் பாலக்காட்டு அக்கிரகாரங்களில் நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். தாமே குழந்தை விதவையாகி, 1911இல் பி.ஏ. முடித்த சகோதரி சுப்புலட்சுமி, அப்படி ஒடுங்கவிருந்த சிறுமியரைத் தம் வீட்டிலேயே சேர்த்துப் படிக்கவைத்தார். 1917 முதல் அவர்களின் விடுதி இயங்கியது இந்த ஐஸ் ஹவுஸில்தான். பனிக்கட்டி கிடந்த இடத்தில் கைம்பெண்களா என்று ஊர் முணுமுணுத்திருக்கலாம். அவர்களோ பள்ளிக்கூட ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள்.

அடுத்த முறை பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள். சுப்புலட்சுமி முதல்வராக இருந்த லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி ஐஸ் ஹவுஸ் இருக்கும் அதே சாலையில் இன்றும் இருக்கிறது, அதையும் காட்டலாம்.